நாடியை விரிக்காமலே ஆளைக் காக்கும் குளிசை

“டொக்டர், ஒப்பரேஷன் சரி எண்டுதானே சொன்னனீங்கள்? நேற்று என்னோட கதைச்ச மனிசன் இண்டைக்கு ஏன் வாய் குழறுறார்?”

மூளை நாடி வெடித்துக் குருதி கசிந்தவர்களின் வீட்டார் ஏழாம் எட்டாம் நாளில் கேட்கிற கேள்வி இது. நாடி வெடித்த இடத்தை அடைத்தாகிவிட்டது. ஆள் கண் விழித்து, பேர் சொல்லி, தேத்தண்ணியும் கேட்டுவிட்டார். வீட்டுக்குப் போகும் நாளை எண்ணத் தொடங்கியபோது கை சோர்கிறது, பேச்சுக் குழறுகிறது, அரைத் தூக்கத்தில் கிடக்கிறார். விடுதியில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒரே வரிதான்: “நாடி சுருங்கிட்டுது.” பதில் பிழையில்லை. ஆனால் மருத்துவ உலகம் இந்த வரியை அப்படியே நம்பி, சுருங்கிய நாடியை விரித்துவிட்டால் போதும் என்று பல பத்தாண்டுகள் மருந்து தேடியது. அந்தத் தேடலில் பெரும்பாலானவை தோற்றன. தேறிய நிமோடிபின் என்ற ஒரு குளிசையோ நாடியை விரிப்பதாகவே தெரியவில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் “மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சிட்டுது” என்றால் மூன்று வேறு நோய்களில் ஒன்றாக இருக்கலாம். பிறஷர் கூடி, மூளையின் ஆழத்தில் இருக்கும் சிறு நாடி வெடித்து, ஒரு பக்கம் வழங்காமல் போவது ஒன்று. மோட்டார் சைக்கிள் விபத்தில் தலை அடிபட்டுக் கசிவது இன்னொன்று. மூன்றாவது, மூளையின் அடிப்பகுதியில் பெரிய நாடிகள் கிளைபிரியும் இடத்தில் சுவர் மெலிந்து புடைத்து, ஒருநாள் வெடித்து, மூளைக்கும் அதன் மேல் கிடக்கும் சவ்வுக்கும் இடையில் குருதி பரவுவது. பாரிசவாதம் என்று நாங்கள் சொல்வதில் ஏறத்தாழ 5 வீதம்தான் இந்த வகை. ஆனால் ஐம்பது வயதை ஒட்டியவர்களை, பெண்களைச் சற்றுக் கூடுதலாக, இது பிடிக்கிறது. ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்கு ஏறும் தலையிடி, “என்ர வாழ்நாளில இப்படி வந்ததில்லை” என்று சொல்ல வைக்கும் தலையிடி, அதன் அடையாளம். அதற்கு இரண்டு பனடோல் போட்டுவிட்டுப் படுப்பதும், டிஸ்பிரின் கரைத்துக் குடிப்பதும் ஆபத்து. டிஸ்பிரின் குருதி உறைவதைக் குறைக்கும் மருந்து.

இந்தக் கட்டுரையில் பேசப்படும் மருந்துகள் மூன்றாவது வகைக்கு உரியவை. தலை அடிபட்டுக் கசிந்தவர்களுக்கும் அதே குளிசையைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது பலன் தெரியவில்லை. ஆகவே அடுத்த கட்டிலில் விபத்தில் வந்த பொடியனுக்கு அதைக் கொடுக்கவில்லை என்றால் யாரும் கவனக்குறைவாக இருக்கிறார்கள் என்று பொருளில்லை.

இனி, ஏன் ஏழாம் நாள்? வெடித்த புடைப்பைச் சத்திரசிகிச்சை மூலம் கிளிப் போட்டோ, தொடை நாடி வழியாகக் குழாய் செலுத்தி உள்ளே கொயில் சுருளை நிரப்பியோ அடைக்கிறார்கள். அது மறுபடி வெடிக்காமல் தடுக்கும். ஏற்கனவே சிந்திய குருதி அங்கேயே, நாடிகளைச் சூழ்ந்து உறைந்து கிடக்கிறது. சில நாட்களில் செங்குழியங்கள் சிதைந்து ஈமோகுளோபின் வெளியேறும். நாடிச்சுவரைத் தளர்வாக வைத்திருக்கும் நைத்திரிக் ஒட்சைட்டை அது உறிஞ்சி இல்லாமலாக்கிவிடும். மறுபக்கம் எண்டோதீலின் என்ற, நாடியை இறுக்கும் பொருள் கூடும். சுவரின் தசைக் கலங்களுக்குள் கல்சியம் புகுந்து அவற்றைச் சுருங்க வைக்கும். இவையெல்லாம் நடந்தேற நாளெடுக்கிறது. அதனால்தான் மூன்றாம் நான்காம் நாளில் தொடங்கி, ஏழிலிருந்து பத்தாம் நாளுக்குள் உச்சமடைந்து, இரண்டு மூன்று கிழமைக்குள் தணியும் ஒரு கணக்கு இதற்கு உண்டு. ஆள் தெளிவாகக் கதைத்துக்கொண்டிருந்தும் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இந்த நாட்கணக்குத்தான். முதல் ஸ்கானில் குருதி எவ்வளவு தடிப்பாகத் தெரிகிறதோ அவ்வளவுக்கு ஆபத்துக் கூட என்பதை 1980 இல் ஃபிஷரும் அவரது குழுவினரும் காட்டினார்கள். இன்றும் ஸ்கான் அறிக்கைகளில் அவர் பெயரில் ஒரு எண் எழுதப்படுகிறது.

நாடி இப்படிச் சுருங்குவதை, நாடிக்குள் சாயம் செலுத்தி எடுக்கும் அஞ்சியோகிராம் படத்தில் எக்கர், றீமன்ஷ்னைடர் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 1951 இல் காட்டினார்கள். கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு எதிரி கிடைத்துவிட்டது. கல்சியம் உள்ளே போவதால் தசை சுருங்குகிறதென்றால் கல்சியத்தின் வாசலை அடைத்தால் போதுமே என்பது அடுத்த யோசனை. பிறஷர் கிளினிக்குக்குப் போகிறவர்களுக்கு நிஃபெடிபின், அம்லோடிபின் என்ற பெயர்கள் பழக்கம். அதே குடும்பத்தில், கொழுப்பில் எளிதில் கரைந்து மூளைக்குள் நன்றாகப் புகக்கூடிய ஒரு மருந்து ஜேர்மனியின் பேயர் கம்பனியிடம் இருந்தது. அதுதான் நிமோடிபின்.

1983 இல் அமெரிக்காவில் அதன் முதல் முக்கியமான ஆய்வு வெளியானது. நாடிச் சுருக்கத்தால் கடும் ஊனமோ மரணமோ ஏற்பட்டவர்கள், ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத போலிக் குளிசை எடுத்த 60 பேரில் 8, மருந்து எடுத்த 56 பேரில் 1. ஆறு வருடம் கழித்து பிரித்தானியாவில் 554 பேரை வைத்து நடத்திய ஆய்வு கணக்கை உறுதி செய்தது. குருதி போகாமல் மூளையின் ஒரு பகுதி இறந்துபோனவர்கள் 33 வீதத்திலிருந்து 22 வீதமாகக் குறைந்தார்கள். இறப்பு, கடும் ஊனம் போன்ற மோசமான முடிவு 33 வீதத்திலிருந்து 20 வீதமாகியது. இந்த நோயில் ஒரு குளிசை இவ்வளவு செய்வது சின்ன விஷயமில்லை.

ஆனால் இடையில், 1988 இல் வெளியான கனடிய ஆய்வு ஒன்றைத்தான் நான் இந்த முழுக் கதையின் திறவுகோலாக நினைக்கிறேன். நிலைமை மோசமாக வந்து சேர்ந்த நோயாளிகளுக்கு மருந்தைக் கொடுத்து, கிழமை கழித்து மறுபடி அஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்தார்கள். நல்ல நிலைக்குத் திரும்பியவர்கள் மருந்துப் பக்கத்தில் 29 வீதம், போலிக் குளிசைப் பக்கத்தில் 10 வீதம். படத்தில் நாடி சுருங்கியிருந்தவர்களோ மருந்துப் பக்கத்தில் 64 வீதம், மறுபக்கத்தில் 66 வீதம். கிட்டத்தட்டச் சமம். நாடியை விரிக்கக் கொடுத்த மருந்து நாடியை விரிக்கவில்லை, ஆனால் ஆளைக் காப்பாற்றியது.

அப்போது இதைப் பலர் ஒரு புதிராக ஒதுக்கி வைத்தார்கள் என்றே தோன்றுகிறது. ஏனென்றால் அடுத்த இருபது வருடத் தேடலும் நாடியின் அகலத்தைச் சுற்றியே ஓடியது. மக்னீசியமும் கல்சியத்தை எதிர்ப்பது, மலிவானது. 1204 பேரில் பரீட்சித்து 2012 இல் முடிவு சொன்னார்கள், மருந்துப் பக்கத்தில் மோசமான முடிவு 26 வீதம், மறுபக்கத்தில் 25. கொழுப்புக் குளிசையான சிம்வஸ்ரற்றின் நாடிச்சுவரைக் காக்கும் என்று நம்பி 803 பேருக்குக் கொடுத்தார்கள். 2014 இல் அதுவும் பலனில்லை என்று முடிந்தது.

கிளாசோசென்டன் கதை கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. எண்டோதீலினை 1988 இல் ஜப்பானில் யனகிசாவாவின் குழு கண்டுபிடித்தது. உடம்பில் அறியப்பட்ட மிக வலிமையான நாடி இறுக்கிகளில் அது ஒன்று. அதன் வாசலைப் பூட்டும் மருந்தாகக் கிளாசோசென்டன் வந்தது. 2008 இல் வெளியான ஆய்வில் அது சொன்னதைச் செய்தது. நடுத்தரமான அல்லது கடுமையான சுருக்கம் 66 வீதத்திலிருந்து, உயர்ந்த அளவு கொடுத்தவர்களில், 23 வீதமாக விழுந்தது. இவ்வளவு துப்பரவாக நாடியைத் திறந்து வைத்த மருந்து அதற்கு முன் வந்ததில்லை. எல்லோரும் எதிர்பார்ப்போடு 1157 பேர் கொண்ட அடுத்த ஆய்வைப் பார்த்திருந்தார்கள். 2011 இல் முடிவு வந்தது. நோயாளிகள் தேறும் அளவில் முன்னேற்றமில்லை. மூன்று மாதம் கழித்து மோசமான நிலையில் இருந்தவர்கள் மருந்துப் பக்கத்தில் 29 வீதம், மறுபக்கத்தில் 25 வீதம். நுரையீரலில் நீர் கோர்ப்பது போன்ற சிக்கல்களும் பிறஷர் விழுவதும் மருந்துப் பக்கத்தில் அதிகம். அளவைக் கூட்டிப் பின்னர் 409 பேரில் செய்த இன்னொரு ஆய்விலும் பெரிய வித்தியாசம் வரவில்லை.

இதே மருந்துக்கு ஜப்பான் 2022 இல் அனுமதி கொடுத்தது. முரணாகத் தெரியலாம். அங்கே நடந்த ஆய்வுகளில் பலன் தெரிந்தது என்பது ஒரு காரணம். ஜப்பானில் நிமோடிபின் பாவனையில் இல்லை என்பதையும் மறக்கக்கூடாது. 1995 இலிருந்து அவர்கள் ஃபசுடில் என்ற வேறொரு மருந்தைப் பாவித்து வருகிறார்கள். நிமோடிபின் ஏற்கனவே கிடைக்கும் ஓர் இடத்தில் கிளாசோசென்டன் மேலும் என்ன கூட்டும் என்ற கேள்விக்கு ஜப்பானிய முடிவு பதிலாகாது. எங்களுடைய கேள்வியோ அதுதான். கனடாவிலிருந்தோ சுவிசிலிருந்தோ தொலைபேசியில் “புது மருந்து ஒண்டு வந்திருக்காம், விலை பாக்காதேங்கோ, நாங்கள் அனுப்பட்டோ?” என்று கேட்கும் உறவினருக்கு இதைச் சொல்லலாம். அக்கறையில் கேட்கிறார்கள், ஆனால் கட்டிலருகில் இருக்கிற குளிசையை விடக் கூடுதலாக அது செய்யும் என்பதற்கு ஆதாரம் இன்னும் இல்லை.

ஏன் இப்படி? இணுவிலில் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டுகிறவருக்கு இது விளங்கும். கிணற்றடியிலிருந்து வரும் பெரிய வாய்க்காலைச் சீராக்குவது மட்டும் பாத்திக்குத் தண்ணீர் கொண்டுபோகாது. கிளை வாய்க்கால் அடைபட்டிருந்தாலோ, மண்ணே இறுகிப்போயிருந்தாலோ, தலைவாய்க்காலில் தண்ணீர் நிறைந்து ஓடும், பயிர் வாடும். அஞ்சியோகிராமில் தெரிவது தலைவாய்க்கால். இந்த நோயில் மூன்றில் இரண்டு பேருக்கு அது சுருங்கித் தெரிகிறது, ஆனால் மூளை பாதிக்கப்பட்டுக் கை சோர்வது ஏறத்தாழ 30 வீதமானவர்களுக்குத்தான். சுருங்கிய நாடி போகாத பகுதிகளிலும் மூளை இறந்திருப்பதை ஸ்கான்கள் காட்டியிருக்கின்றன. படத்தில் தெரியாத நுண்ணிய நாடிகள் இறுகுவது, அவற்றில் சிறு உறைகட்டிகள் தங்குவது, மூளைக் கலங்களின் மின்னிலை ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குச் சரிந்துகொண்டே போவது, அழற்சி என்று பல சேர்ந்து நடக்கின்றன. நிமோடிபின் இந்த மறைவான இடங்களில் வேலை செய்கிறது என்பதே இன்றைய கணிப்பு. கலங்களுக்குள் கல்சியம் புகுவதைத் தடுத்து, குருதி குறைந்த நேரத்தைத் தாங்க வைக்கிறது போலும். இப்போது மருத்துவர்கள் “நாடிச் சுருக்கம்” என்பதை ஒரு பெயராகவும், “தாமதித்து வரும் குருதிக்குறைவு” என்பதை வேறு பெயராகவும் பிரித்து எழுதுகிறார்கள். முன்னையது படத்தில் தெரிவது, பின்னையது ஆளில் தெரிவது.

பிறஷரும் உப்பும் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் வீட்டார் கைவைக்கும் இடம் அது. குருதி கசிந்தவருக்கு பிறஷரைக் குறைக்க வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த பாடம். உப்பில்லாக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வருவார்கள். புடைப்பை அடைக்கும் வரை பிறஷரைக் கட்டுப்படுத்துவது சரி. அடைத்த பிறகு நிலைமை தலைகீழ். குறுகிய வழியால் குருதி போவதற்கு அழுத்தம் தேவை, ஆகவே வழக்கமான பிறஷர் குளிசைகளை மருத்துவர்கள் நிறுத்தியும் வைப்பார்கள். இந்த நோயில் சிறுநீர் வழியே உப்பு கழிந்து, உடம்பில் சோடியம் குறைவதும் அடிக்கடி நடக்கிறது. நீரைக் கட்டுப்படுத்தினால் மூளைக்குப் போகும் குருதி இன்னும் குறையும். எனவே கஞ்சியில் உப்புப் போடுவதா விடுவதா என்பதை விடுதியில் கேட்டுத்தான் செய்ய வேண்டும். ஒருகாலத்தில் பிறஷரையும் சேலைனையும் வேண்டுமென்றே அளவுக்கு மேல் ஏற்றி, குருதியை ஐதாக்கும் முறை எங்கும் இருந்தது. இப்போது நீரை இயல்பான அளவில் வைத்துக்கொள்வதே விதி. அறிகுறி தெரிந்தபின் பிறஷரை ஏற்றிப் பார்ப்பது இன்னும் நடக்கிறது, ஆனால் அதைச் சோதிக்கத் தொடங்கிய ஐரோப்பிய ஆய்வு 41 பேரோடு இடையில் நின்றுபோனது. பலன் நிரூபிக்கப்படவில்லை.

அண்மையில் நம்பிக்கை தந்த ஒன்று மருந்தே இல்லை. முதுகந்தண்டில் மெல்லிய குழாய் வைத்து, குருதி கலந்த மூளைநீரைச் சில நாட்களுக்குச் சிறிது சிறிதாக வெளியேற்றுவது. 287 பேரில் செய்த இந்த ஆய்வு 2023 இல் வெளியானது. ஆறு மாதம் கழித்து மோசமான நிலையில் இருந்தவர்கள் 45 வீதத்திலிருந்து 33 வீதமாகக் குறைந்தார்கள். சிந்திய குருதிதான் வினையென்றால் அதை அகற்றுவது நேர்வழி என்ற எளிய எண்ணம் இது. விலை உயர்ந்த எந்த மூலக்கூறும் தேவையில்லை. ஆனால் தொற்று ஏற்படாமலும் அளவுக்கு மிஞ்சி வடியாமலும் இராப்பகலாகப் பார்த்துக்கொள்ளும் தாதியர் தேவை.

மறுபடி குளிசைக்கே வருவோம், ஏனென்றால் யாழ்ப்பாணத்தில் கிடைக்கக்கூடிய பலன் பெரும்பாலும் அதைச் சரியாகக் கொடுப்பதில்தான் இருக்கிறது. நிரூபிக்கப்பட்ட முறை: 60 மில்லிகிராம், 4 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, 21 நாள். 30 மில்லிகிராம் குளிசையென்றால் நாளுக்கு 12, மொத்தம் 252. வாயால் போவதில் சிறு பங்குதான் ஈரலைத் தாண்டிக் குருதிக்கு வருகிறது, வந்ததும் விரைவில் குறைந்துவிடுகிறது. 4 மணித்தியாலக் கணக்கு அதனால்தான். இரவு 2 மணிக் குளிசைக்காக ஆளை எழுப்பத்தான் வேண்டும். “பாவம், நித்திரை கொள்ளட்டும்” என்று விடுவது அன்பு, ஆனால் தவறு. சோற்றோடு சேர்த்துக் கொடுத்தால் உறிஞ்சப்படுவது குறையும், சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்போ இரண்டு மணித்தியாலம் பின்போ நல்லது. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிற்றோயின், கார்பமசெப்பின் போன்றவை இந்த மருந்தை உடம்பிலிருந்து வேகமாகக் கழித்துவிடும். கிளரித்ரோமைசின் போன்ற சில அன்டிபயோட்டிக்குகள் எதிர்மாறாக அதன் அளவை ஏற்றி பிறஷரை விழுத்தும். வேறு கிளினிக்கில் எடுக்கும் குளிசைகளின் பெயர்களை ஒளிக்காமல் சொல்வது இதற்காகத்தான்.

விழுங்க முடியாதவருக்கு மூக்குக் குழாய் வழியே கொடுப்பார்கள். இங்கே ஒரு கெட்ட வரலாறு உண்டு. அமெரிக்காவில் கூட்டுக்குளிசைக்குள் இருக்கும் திரவத்தை ஊசியால் உறிஞ்சி எடுத்து, குழாயில் விடுவதற்குப் பதிலாகத் தவறுதலாக நாளத்தில் ஏற்றி, ஆட்கள் இறந்தார்கள். 2006 இல் அந்நாட்டு மருந்து நிர்வாகம் பொதியில் கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கை போட வைத்தது. நாளத்தில் ஏற்றுவதற்கென்றே தயாரிக்கப்பட்ட நிமோடிபின் வேறு. அதை மட்டும்தான் அப்படிக் கொடுக்கலாம்.

பிறஷர் விழுவதே இதன் முக்கிய தொல்லை. அப்போது 30 மில்லிகிராமை 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்று பிரித்துக் கொடுப்பார்கள். முழுதாக நிறுத்துவதைவிட அது மேல். மருந்து இடையில் அறுந்தவர்களுக்குத் தாமதித்த குருதிக்குறைவு கூடுதலாக வருகிறது என்று நோயாளிப் பதிவுகளைப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். பிறஷர் தாங்காதவர்கள் ஏற்கனவே மோசமானவர்கள் என்பதால் இருக்கலாம் என்ற சந்தேகமும் நியாயம்தான். ஆனாலும் 2023 இன் அமெரிக்க வழிகாட்டல் இதை முக்கியமாக எடுத்துக்கொண்டது, மக்னீசியத்தையும் சிம்வஸ்ரற்றின் போன்ற ஸ்ரற்றின் குளிசைகளையும் வழமையாகக் கொடுக்கத் தேவையில்லை என்றும் சொன்னது.

தொடர்ச்சி என்பதுதான் எங்கள் ஊரில் சிக்கல். நெடுந்தீவிலிருந்து படகில் குறிகாட்டுவானுக்கு வந்து, 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் அம்புலன்சில் போதனா வைத்தியசாலைக்கு வந்து, தேவைப்பட்டால் சுமார் 400 கிலோமீற்றர் கடந்து கொழும்புக்கும் போக வேண்டிய ஒருவருக்கு, ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு வேளைக் குளிசை தவற வாய்ப்பு இருக்கிறது. அனுப்புகிற இடத்தில் கடைசிக் குளிசை எத்தனை மணிக்கு என்று கடிதத்தில் எழுதுவதும், வழிக்குரிய குளிசையைக் கூட அனுப்புவதும் செலவில்லாத வேலைகள். 2022 இன் மருந்துத் தட்டுப்பாட்டைக் கண்டவர்களுக்கு இருப்பு முடிவதென்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. வெளியில் வாங்கத் துண்டு எழுதித் தந்தால், ஒசுசலவிலோ தனியார் பார்மசியிலோ, பெயரைச் சரி பார்த்து வாங்குங்கள். நிமோடிபின் வேறு, நிஃபெடிபின் வேறு. கடையில் “இதுவும் அந்த இனம்தான்” என்று நீட்டினால் வாங்காமல் திரும்பி விடுதிக்குப் போய்க் கேளுங்கள். இருபத்தொரு நாள் முடியுமுன் வீட்டுக்கு விடுகிறார்களென்றால், மிச்ச நாட்களுக்குப் போதுமான குளிசை கையில் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். கடைசி நாள் எந்தத் திகதியில் வருகிறது என்பதைக் கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.